விழுந்த மரத்தில் இலவச விறகு: கேட்டு வாங்குவதிலிருந்து அடுக்கி வைப்பது வரை

ஐப்பசி கார்த்திகையில் ஒரு நல்ல காற்று அடித்தால் போதும், வருஷம் முழுக்க வெந்நீர் போட ஆகிற விறகு ஊரில் எங்கேயாவது படுத்துக் கிடக்கும். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூர், பண்ருட்டிப் பக்கம் முந்திரியையும் பலாவையும் சாய்த்தது. 2016 டிசம்பர் 12-ல் வர்தா சென்னையின் தெரு மரங்களை உருட்டியது. 2018 நவம்பர் 16 விடியற்காலை வேதாரண்யம் பக்கம் கஜா கரையேறியபோது டெல்டாவில் தென்னை தோப்புத் தோப்பாக விழுந்தது. அவ்வளவு பெரிய புயலெல்லாம் வரவேண்டும் என்று யாரும் வேண்டிக்கொள்ள வேண்டாம். சித்திரையில் கோடை மழைக்கு முன்னால் சுழற்றி அடிக்கிற காற்றே ஊருக்கு நாலு மரத்தைச் சாய்த்துவிடும்.

ஆனால் பெரும்பாலானவர்கள் இந்த விறகை வீணாக்கிவிடுகிறார்கள். மரம் விழுந்ததும் "காயட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டுவிட்டு, ஆறு மாதம் கழித்துக் கோடாலியோடு போவார்கள். அதற்குள் ஒன்று வேறு யாராவது கொண்டுபோயிருப்பார்கள், இல்லையென்றால் கரையான் அரித்திருக்கும், இரண்டும் இல்லாமல் தப்பியது புளியமரமாக இருந்தால் கோடாலி பட்டுத் திரும்பி வரும். அறுப்பதும் பிளப்பதும் பச்சையாக இருக்கும்போதே முடிய வேண்டும், எரிப்பதற்குத்தான் காத்திருக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் இரட்டை வேலை.

முதலில் கேளுங்கள்

விழுந்து கிடக்கிற மரம் எல்லாம் அநாதை மரம் கிடையாது. பட்டா நிலத்து மரம் என்றால் நிலத்துக்காரருடையது, வேலியைத் தாண்டிப் பாதையில் விழுந்திருந்தாலும் அவருடையதுதான். அவரிடம் கேட்பது மிகச் சுலபம், ஏனென்றால் விழுந்த மரம் அவருக்கும் ஒரு தலைவலி. "மாமா, வேலியோரம் அந்த மாமரம் சாஞ்சு கிடக்கே, அடிமரத்த நீங்க வச்சுக்குங்க, கிளையெல்லாம் நான் எடுத்துக்கிட்டுப் பாதையையும் சுத்தம் பண்ணித் தர்றேன்" என்று சொன்னால் பெரும்பாலும் சரி என்றுதான் பதில் வரும். அடிமரத்துக்கு மர வியாபாரி விலை தருவார், கிளைக்குத் தரமாட்டார் என்பது நிலத்துக்காரருக்கும் தெரியும். பேசியபடி சுத்தம் செய்து கொடுங்கள், இலை தழையைக்கூட ஓரமாகக் குவித்துவிட்டு வாருங்கள். அடுத்த மரம் விழும்போது அவரே ஆள் அனுப்புவார்.

சாலையோரத்தில் பட்டை அடித்து எண் எழுதிய மரம் நெடுஞ்சாலைத் துறையினுடையது. ஏரிக்கரை, குளத்துக்குள் இருப்பது நீர்வளத் துறையோ ஊராட்சியோ, கோயில் நிலத்தில் இருப்பது கோயிலுக்கு. இவற்றின் அடிமரம் ஏலத்துக்குப் போகும். அதில் கை வைத்தால் திருட்டுக் கணக்குத்தான். பாதையை மறித்துக் கிடந்ததை அறுத்துப் போட்ட பிறகு மிஞ்சுகிற கிளைகளை யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை, ஆனாலும் விஏஓவிடமோ ஊராட்சித் தலைவரிடமோ, நகரத்தில் என்றால் அங்கே வேலை பார்க்கிற மாநகராட்சி ஆட்களிடமோ ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அவர்களுக்கும் அள்ளிக் கொட்ட ஒரு லோடு குறையும். குட்டியானை வைத்து ஏற்றுகிற அளவுக்கு இருந்தால், எங்கிருந்து எடுத்தது என்று விஏஓ கையெழுத்தோடு ஒரு தாள் கையில் இருப்பது நல்லது, வழியில் நிறுத்திக் கேட்டால் வாய்ப்பேச்சு எடுபடாது.

காப்புக்காட்டுக்குள் மட்டும் போகவே போகாதீர்கள். 1882-ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டத்தின்படி அங்கே அனுமதியில்லாமல் விழுந்த கட்டையை எடுப்பதும் குற்றம். சந்தனம், செம்மரம், ஈட்டி, தேக்கு இவை உங்கள் சொந்தக் கொல்லையில் விழுந்திருந்தால்கூட விறகுக் கணக்கில் சேர்க்காமல் வனத்துறைக்குச் சொல்லிவிட்டு மேற்கொண்டு செய்யுங்கள். பனையை வெட்ட கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே அறிவித்துவிட்டார்கள். தானாக விழுந்த பனை என்றாலும் கேட்டுக்கொள்ளுங்கள். வைரம் பாய்ந்த பனையை அடுப்பில் வைப்பதைப்போல ஒரு பாவம் கிடையாது, கொட்டகைக்குக் கைமரம் போடுகிறவர்கள் தேடி வந்து வாங்குவார்கள்.

கையில் என்ன வேண்டும்

ஒரு நல்ல அரிவாள், ஒரு கோடாலி, ஒரு வில் ரம்பம், இரண்டு இரும்பு ஆப்பு, ஒரு சம்மட்டி, பத்துப் பதினைந்து அடி கயிறு. ஆப்பு ஏன் இரண்டு என்றால் ஒன்று மாட்டிக்கொண்டால் அதை எடுக்க இன்னொன்று வேண்டும். தொடை தடிமன் வரைக்கும் வில் ரம்பமே போதும், இரண்டு பேர் மாறி மாறி இழுத்தால் ஒரு காலையில் ஒரு வண்டிச் சுமை அறுத்துவிடலாம்.

மெஷின் ரம்பம் வாடகைக்குக் கிடைக்கிறது என்று எடுத்துக்கொண்டு வந்து பழகாத கையால் ஓட்டாதீர்கள். அறுக்கத் தெரிந்த ஆளையே மெஷினோடு அரை நாளைக்குக் கூப்பிடுவது மலிவு. நீங்களே பிடிப்பதாக இருந்தால் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ரப்பர் செருப்போடு நிற்கவேண்டாம். கனமான கால்சட்டை, பூட்ஸ், கண்ணாடி, கையுறை. மெஷினில் சங்கிலி ஓடுகிற பட்டையின் முனை, அதிலும் மேல்பாதி, எதிலாவது பட்டால் மெஷின் கண்ணிமைக்கும் நேரத்தில் உங்கள் முகத்தை நோக்கி எகிறும். தோளுக்கு மேல் தூக்கி அறுக்கவே கூடாது.

மரத்தைச் சுற்றி ஒரு நடை

போனதும் வெட்டத் தொடங்காமல் முதலில் ஒரு சுற்று சுற்றி வாருங்கள். கரண்டு கம்பி ஏதாவது மரத்தின் மேலோ அடியிலோ கிடக்கிறதா? கிடந்தால் பக்கத்தில்கூடப் போகவேண்டாம், லைன் ஆஃப் ஆகியிருக்கும் என்ற நினைப்பும் வேண்டாம். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987, அதில் சொல்லி, ஆள் வந்து கம்பியை எடுத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது உயிர்கள். மழைக்குப் பிறகு சாய்ந்த மரத்தின் அடியும் கிளைக்குள்ளும் விரியனுக்கும் கட்டுவிரியனுக்கும் நல்ல ஒதுக்கிடம். கை விடுவதற்கு முன் நீளக் கம்பால் தட்டிக் கிளறுங்கள். தென்னை, பனை என்றால் கதண்டுக் குளவிக் கூடு இருக்கிறதா என்று கொண்டைப் பக்கம் பாருங்கள். மாமரத்தில் இலையை ஒட்டிக் கட்டியிருக்கும் முசுறு எறும்புக் கூடு ஆளைக் கொல்லாது, ஆனால் அன்றைக்கு வேலை ஓடாது. பாம்பு கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடித்த கையை அசைக்காமல் வைத்து 108-க்கு அழைத்து அரசு ஆஸ்பத்திரிக்கு.

மூன்றாவது, வேர்க்குழி. வேரோடு பெயர்ந்த மரத்தில் வேர்ச்சட்டம் மண்ணோடு செங்குத்தாக நிற்கும், கீழே ஆள் இறங்குகிற அளவுக்குக் குழி இருக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு அது விளையாடுகிற இடம். அடிமரத்தை அறுத்துவிட்டவுடன், இவ்வளவு நேரம் இழுத்துப் பிடித்திருந்த பாரம் போய்விடுவதால் அந்த வேர்ச்சட்டம் சடாரென்று குழிக்குள் திரும்ப விழும். குழியில் இருக்கிற யாரும் பிழைக்க முடியாது. பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஆரம்பியுங்கள். வேரிலிருந்து ஐந்தாறு அடி அடிமரத்தை விட்டுவிட்டு மேல்பக்கம் மட்டும் அறுத்துக்கொள்வதுதான் என் வழக்கம். மிச்சத்தை ஜேசிபி வந்து பார்த்துக்கொள்ளும், அந்த ஐந்தடி விறகுக்காக ஆபத்தை விலைக்கு வாங்கவேண்டியதில்லை.

அறுப்பு

நுனியிலிருந்து அடிக்கு வாருங்கள். முதலில் அரிவாளால் இலையும் சுள்ளியும், பிறகு கை தடிமன் கிளைகள், அப்புறம் தொடை தடிமன். சுள்ளியை எறிந்துவிடாமல் கட்டுக் கட்டாகக் கட்டுங்கள், மூன்று நாலு வாரத்தில் அதுதான் முதலில் எரியத் தயாராகும். மரம் எந்தப் பக்கம் உருண்டால் உங்கள் மேல் விழாதோ அந்தப் பக்கம், சரிவில் என்றால் எப்போதும் மேட்டுப் பக்கம் நில்லுங்கள். மரத்தைத் தாங்கி நிற்கிற கீழ்க்கிளைகளைக் கடைசிவரை தொடாதீர்கள், அவைதான் மரத்துக்குக் கால்.

தரையில் அழுந்தி வில்லாக வளைந்து நிற்கும் கிளைகளிடம்தான் பலர் அடி வாங்குகிறார்கள். அதன் முதுகில் ஒரே போடு போட்டால் அறுந்து தாடையில் அடிக்கும். வளைவின் உள்பக்கமாக நின்று, உள்பக்கத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாகக் கீறி இறுக்கத்தைத் தளரவிட்டுப் பிறகு அறுக்க வேண்டும்.

ரம்பம் மாட்டிக்கொள்வது இன்னொரு தொல்லை. கட்டை இரண்டு முனையிலும் தாங்கி நடுவில் தொங்கினால் மேல்பக்கம் நெரிபடும், கீழ்ப்பக்கம் இழுபடும். அதனால் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு அறுத்துவிட்டு மிச்சத்தைக் கீழிருந்து மேலாக அறுங்கள். ஒரு முனை மட்டும் தாங்கி மறுமுனை அந்தரத்தில் நின்றால் இதற்கு நேர் எதிர், முதலில் கீழிருந்து கொஞ்சம், பிறகு மேலிருந்து. இது ஒன்று பிடிபட்டுவிட்டால் பாதி வேலை கற்றாயிற்று.

சாலையோர மரம் என்றால் ஆணியைத் தேடுங்கள். டியூஷன், வீட்டுமனை, மூலம் பவுத்திரம் என்று வருஷக்கணக்காக அடித்த விளம்பரத் தகடுகளின் ஆணியெல்லாம் பட்டைக்குள் புதைந்திருக்கும். வேலியோர மரத்தில் முள்கம்பியையே மரம் விழுங்கியிருக்கும், வெளியே ஒரு தழும்பு மட்டும் தெரியும். ஆள் உயரம் வரைக்கும் சந்தேகப்பட்டே அறுங்கள். ரம்பத்தூள் திடீரென்று கறுத்தோ நீலம் பாரித்தோ வந்தால் இரும்பு பக்கத்தில் இருக்கிறது.

நீளத்தை அங்கேயே முடிவு செய்துவிடுங்கள். சமையல் அடுப்புக்கு ஒன்றரை அடி, வெந்நீர் அடுப்புக்கு இரண்டு, விசேஷத்துக்குக் கோட்டை அடுப்பு வெட்டுவதாக இருந்தால் மூன்று. குட்டையாக அறுத்தால் சீக்கிரம் காயும், ஏனென்றால் மரத்திலிருந்து தண்ணீர் பக்கவாட்டில் பட்டை வழியாக வெளியேறுவதைவிட அறுத்த முகத்தின் வழியாகத்தான் வேகமாக வெளியேறும்.

எந்த மரம், எது வேண்டாம்

கிடைத்தால் விடக்கூடாதது புளி. கனமான மரம், தணல் நெடுநேரம் நிற்கும், பிளப்பதற்குத்தான் உயிர் போகும். சவுக்கு இன்னொரு தங்கம், அரைக்காய்ச்சலில்கூட ஓரளவு எரிந்துவிடும். சீமைக்கருவேலம் பற்றிச் சொல்லவே வேண்டாம், 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே அதை அகற்றச் சொல்லியும் ராமநாதபுரத்தில் அது அசையவில்லை. விறகாக எரிப்பதற்கும் கரி போடுவதற்கும் அதை அடிக்க ஆளில்லை. முள் மட்டும் ஜாக்கிரதை, குத்தி உள்ளே முறிந்தால் சீழ் பிடிக்கும், ரப்பர் செருப்பைத் துளைத்து ஏறும்.

மா, வேம்பு, பூவரசு, முந்திரி, தைலமரம் எல்லாம் நடுத்தரம், தாராளமாக எடுங்கள். மாமரத்தின் பால் சிலருக்குத் தோலைப் பொத்துவிடும், முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். தூங்குமூஞ்சியும் மயில்கொன்றையும் புயலில் அதிகம் விழும், பெரிய மரமாக இருக்கும், சீக்கிரம் எரிந்து முடிந்துவிடும், வெந்நீருக்கு ஆகும். முருங்கை, இலவம், ஒதியன் இவற்றைச் சும்மா கொடுத்தாலும் சுமக்காதீர்கள். ஒதி பெருத்தாலும் உத்தரத்துக்கு ஆகாது என்பார்கள், அடுப்புக்கும் ஆகாது.

அடுப்புப் பக்கமே கொண்டுபோகக் கூடாதவை உண்டு. அரளி முழுக்க விஷம், அதன் புகையும் ஆகாது, அதன் குச்சியைக் கிளறவோ கறி குத்திச் சுடவோ பயன்படுத்தக் கூடாது. திருகுகள்ளிப் பால் கண்ணில் பட்டால் பெரும்பாடு. அலையாத்திக் காட்டுப் பக்கம் இருப்பவர்களுக்குத் தில்லை மரத்தைத் தெரிந்திருக்கும், அதன் பாலும் கண்ணுக்குக் கேடு. புயலில் பிய்ந்து வந்த பெயின்ட் அடித்த ஜன்னல், கதவு, பிளைவுட் இதையும் சமையலுக்கு எரிக்காதீர்கள்.

தென்னை

தென்னைக்குத் தனியாகச் சொல்ல வேண்டும், டெல்டாவில் காற்றுக்கு அதிகம் விழுவது அதுதான். வெளிச்சுற்று கடினமாகவும் உள்ளே பஞ்சாகவும் இருக்கும், உள்பஞ்சு குடம் குடமாகத் தண்ணீர் வைத்திருக்கும். உருளையாக விட்டால் எத்தனை மாதமானாலும் காயாது, கனன்று புகையும், அவ்வளவுதான். இரண்டடித் துண்டாக அறுத்து, நெட்டாக நாலாகப் பிளந்து, உள்பஞ்சை அரிவாளால் செதுக்கி எறிந்துவிட்டு வெளிச்சிறாயை மட்டும் காயப்போடுங்கள். நாரும் கடினமும் சேர்ந்து ரம்பத்தின் பல்லைச் சீக்கிரம் மழுக்கும், அரத்தைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். உண்மையில் தென்னையில் நல்ல எரிபொருள் மட்டை, பாளை, பன்னாடை, கொட்டாங்குச்சிதான், அவற்றை முதலில் பொறுக்குங்கள்.

மரத்தை அப்படியே தோப்பில் போட்டு வைத்தால் இன்னொரு வினை. மட்கும் தென்னங்கட்டையில்தான் காண்டாமிருக வண்டு முட்டையிடும். கோடாலியால் ஒரு பழைய கட்டையைப் பிளந்து பார்த்தால் கட்டைவிரல் தடிமனில் வெள்ளைப் புழு, தலை மட்டும் பழுப்பாக, அரைவட்டமாகச் சுருண்டு தூளுக்குள் கிடக்கும். அது வண்டாகிப் பறந்து மிச்சமிருக்கிற நல்ல மரத்தின் குருத்தைத்தான் குடையும். அதனால் தோப்புக்காரரிடம் தென்னை கேட்கும்போது இதையும் சொல்லிக் கேளுங்கள், அவரே வண்டி பிடித்துக் கொடுத்தாலும் ஆச்சரியமில்லை.

பிளப்பு

அறுத்த வாரத்திலேயே பிளந்துவிடுங்கள். துண்டை மண்ணில் நிறுத்திப் பிளந்தால் பாதி அடியை மண் வாங்கிக்கொள்ளும். முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வருகிற மாதிரி ஒரு அடிக்கட்டையைப் போட்டு அதன்மேல் நிறுத்துங்கள். கால் இரண்டும் அகலமாக, கோடாலி தவறினால் இரண்டு காலுக்கும் நடுவே தரையில் போய் இறங்குகிற மாதிரி நில்லுங்கள்.

மாவும் தைலமும் நடுவில் போட்டாலே விரியும். புளியும் வேம்பும் அப்படி இல்லை, நார் ஒன்றுக்குள் ஒன்று பின்னியிருக்கும். புளியை நடுவில் அடித்தால் கோடாலி பல் பதிந்தாற்போல் நின்றுவிடும், எடுப்பதற்கே பத்து நிமிஷம். ஓரத்திலிருந்து இரண்டு விரல் தடிமனில் சிறாய் சிறாயாக உரித்துக்கொண்டே சுற்றி வாருங்கள், கடைசியில் கறுத்த வைரம் மட்டும் மிஞ்சும், அதை ஆப்பு வைத்துப் பார்க்கலாம். துண்டின் முகத்தில் ஏற்கெனவே மயிரிழை வெடிப்பு ஓடியிருந்தால் அந்தக் கோட்டிலேயே அடியுங்கள், மரமே வழி காட்டுகிறது. கணு இருந்தால் கணு இல்லாத முனையை மேலே வைத்து அடியுங்கள். கவட்டைப் பகுதி மட்டும் எந்த மரமானாலும் பிளக்காது, அதோடு மல்லுக்கட்டாமல் தனியாக எடுத்து வையுங்கள், ஆட்டுக்கறிக் கடைக்கும் கோட்டை அடுப்புக்கும் ஆகும்.

அடுக்கிக் காய வைப்பது

பச்சை மரத்தின் எடையில் கிட்டத்தட்ட பாதி தண்ணீர். அதை அப்படியே அடுப்பில் வைத்தால், விறகுக்குள் இருக்கிற ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்கச் செலவாகிற சூட்டில் அண்டாவில் எட்டு லிட்டரைக் கொதிக்க வைத்திருக்கலாம். புகையும் அதனால்தான், கண்ணெரிச்சலும் இருமலும் அதனால்தான், பாத்திரத்தில் கரி ஏறுவதும் அதனால்தான்.

இரண்டு தென்னந்துண்டையோ செங்கல் வரிசையையோ கீழே போட்டு, தரையிலிருந்து அரையடி உயரத்தில் அடுக்குங்கள். தரையில் போட்டால் ஒரு மழைக்கே கரையான் ஏறும். காற்று வருகிற திசைக்கு அறுத்த முகம் தெரிகிற மாதிரி, நெருக்கிப் பிடிக்காமல், எலி ஓடுகிற அளவு சந்து விட்டு. மேலே மட்டும் தகரமோ தார்பாயோ, பக்கங்கள் திறந்தே இருக்கட்டும். தார்பாயைத் தரைவரை இழுத்துக் கட்டினால் உள்ளே வேர்த்துப் பூஞ்சணம் பூக்கும், ரொம்பப் பேர் செய்கிற காரியம் இது. வீட்டுச் சுவரை ஒட்டி அடுக்கவே கூடாது, கரையானும் பாம்பும் நேராக வீட்டுக்கு வழி கண்டுபிடிக்கும்.

தையில் அடுக்கினால், பிளந்த சிறாய் சித்திரைக்குள் காய்ந்துவிடும். பிளக்காத உருளை அடுத்த தைக்கும் ஈரமாக இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். காய்ந்ததா என்று பார்க்க இரண்டு துண்டை ஒன்றோடு ஒன்று தட்டினால் 'டங்' என்று கணீரென்று கேட்க வேண்டும், 'தொப்' என்று கேட்டால் ஈரம் இன்னும் இருக்கிறது. அறுத்த முகத்தில் நடுவிலிருந்து வெடிப்பு ஓடியிருக்கும், பட்டை நகத்தால் நெம்பினாலே கழன்று வரும். சந்தேகமாக இருந்தால், ஒரு துண்டில் சாக்பீஸால் குறி போட்டு அடுக்கின் நடுவிலிருந்து எடுத்து வாரத்துக்கு ஒரு தடவை தராசில் நிறுத்துப் பாருங்கள். எடை இறங்கிக்கொண்டே வந்து ஒரு கட்டத்தில் நின்றுவிடும், அப்போது எடுக்கலாம். துளைகளிலிருந்து மாவு மாதிரித் தூள் கொட்டுகிற கட்டைகளை முதலில் எரித்துவிடுங்கள், உளுத்தது பக்கத்துக் கட்டைக்கும் பரவும்.

மழைக்காலம் தொடங்கும் முன் ஒரு வாரத்துக்கு ஆகிற விறகை அடுப்படிப் பக்கம் நனையாத இடத்துக்கு மாற்றுங்கள், சுள்ளிக் கட்டையும் கொட்டாங்குச்சியையும் அதனோடே. அடுக்கிலிருந்து எடுக்கும்போது மேலிருந்து, கம்பால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு எடுங்கள், இருட்டிய பிறகு டார்ச் இல்லாமல் கை விடாதீர்கள்.